கேட்டது கிடைக்காதபோது: நீலகிரிச் சபைகளுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துச் சபைகளில் ஜெபக்குறிப்புப் பெட்டியைத் திறந்தால் வருகிற சீட்டுகள் பெரும்பாலும் ஒரே ரகம். கீழே கோயம்புத்தூருக்கு அனுப்பப்பட்ட நோயாளி. கல்யாணமாகி ஆறேழு வருடம் ஆகியும் பிள்ளை இல்லாத வீடு. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் கட்ட முடியாத குழுக் கடன் தவணை. நீட், குரூப் 4. குடியை விடாத கணவர். சபை கூடி ஜெபிக்கிறது, உபவாசம் இருக்கிறது. சில காரியங்கள் நடக்கின்றன. அடுத்த ஞாயிறே சாட்சி வந்துவிடுகிறது. நடக்காததைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சீட்டு எழுதியவர் பின்வரிசைக்கு நகர்கிறார். பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிறு, அதன்பின் கிறிஸ்துமஸுக்கு மட்டும்.

கேட்டது கிடைக்காததால் சபையை விட்டுப் போனவர்களைவிட, கிடைக்காததைச் சொல்ல இடம் இல்லாமல் போனவர்களே அதிகம் என்பது வீட்டு ஜெபங்களுக்குப் போய்வரும் எங்கள் கணிப்பு. அதனால் "விசுவாசத்தில் உறுதியாயிருங்கள்" என்ற புத்திமதி இதில் இல்லை. ஏமாற்றத்தோடு உட்கார்ந்திருப்பவர் இன்றைக்கு என்ன செய்யலாம், அவரைப் பார்க்கப் போகிறவர் என்ன செய்யக்கூடாது, இவ்வளவுதான்.

முதல் வாரம்

எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). கடவுள் அவரிடம் முதலில் எதையும் விளக்கவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுக்கிறார். இரண்டாம் முறையும் அதேதான்: சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருவது, அதற்குப் பின் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். கெட்ட செய்தி வந்த அன்றே "மூன்று நாள் உபவாசம் எடுங்கள்" என்கிறோம். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலைந்து இரவு தூங்காமல் கிடந்து, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மலை ஏறி வந்தவருக்கு முதலில் வேண்டியது கஞ்சியும் தூக்கமும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு உபவாசம் ஆபத்தும்கூட. மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். உபவாசிக்க வேண்டுமென்றால் சபையில் சுகமாயிருக்கிற மற்றவர்கள் இருக்கட்டும்.

அந்த முதல் வாரத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். நிலத்தை விற்பது, வேலையை விடுவது, சபை மாறுவது, புதிதாகப் பொருத்தனை (நேர்ச்சை) பண்ணுவது எல்லாம் ஒரு மாதம் பொறுக்கும். "இனி ஜெபிக்கவே மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அதையும் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எதிர்த்து வாதாடவும் வேண்டாம். அவர் ஜெபிக்காத நாட்களில் அவருக்காக வேறொருவர் ஜெபிப்பதற்குத்தானே சபை.

முறையிடும் முறை

வீட்டுச் சுவர்க் காலண்டர்களில் 23, 91, 121 ஆகிய சங்கீதங்கள் நிரம்பிக் கிடக்கின்றன. பர்வதங்களை நோக்கிக் கண்ணை ஏறெடுக்கும் 121 மலைக்காரர்களுக்குச் சொந்த ஊர்ப் பாட்டு மாதிரி. ஆனால் 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அவை காலண்டரில் ஏறுவதில்லை, ஞாயிறு ஆராதனையிலும் அபூர்வமாகத்தான் வாசிக்கப்படுகின்றன. ஏமாற்றத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் இவற்றில்தான் இருக்கிறது.

13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் முறையீடு: எதுவரைக்கும், எந்தமட்டும் என்று நான்கு முறை கேள்வி. மூன்றும் நான்கும் வேண்டுதல்: பாரும், பதில் தாரும், கண்களைத் தெளிவாக்கும். ஐந்தும் ஆறும் நம்பிக்கை. நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் எதுவும் நடந்ததாகச் சொல்லப்படவில்லை. எதிரி போகவில்லை, வியாதி தீரவில்லை. நிலைமை மாறாமலேயே பேச்சு மாறுகிறது.

இதை அச்சாக வைத்து உங்கள் முறையீட்டை எழுதலாம். ஒரு தாள், ஒரு பேனா, யாரும் குறுக்கிடாத கால் மணி நேரம் போதும். வீட்டில் தனியிடம் இல்லையென்றால் (எஸ்டேட் லைன் வீட்டில் எங்கே இருக்கும்?) இலை பறிப்பு முடிந்து திரும்பும் வழியில் வாயால் சொல்லலாம், எழுதினால்தான் கேட்கும் என்றில்லை. தாளை மூன்றாகப் பிரித்து, மேல்பாதியை முறையீட்டுக்கு விடுங்கள். மீதியில் இரண்டு பங்கு வேண்டுதலுக்கு, கடைசி நாலு வரி நம்பிக்கைக்கு. இப்படி இருக்கும்:

"ஆண்டவரே, செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தது. போன முறை குறைந்திருக்கிறது என்றார்கள், இப்போது கல்லீரலுக்குப் போய்விட்டது என்கிறார்கள். நாங்கள் முழங்காலில் நின்ற இரவெல்லாம் நீர் எங்கே இருந்தீர்? சின்னவள் அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்மேல் கோபமா? ... வலி குறையட்டும். இந்த வாரம் அவர் தூங்கட்டும். பேருக்குக்கூட என்னால் இன்று உம்மைத் துதிக்க முடியவில்லை; என்றாலும் உம்மிடம்தான் சொல்கிறேன்."

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். மூன்றாம் பகுதி இவ்வளவு சின்னதாக இருக்கலாம். "உம்மிடம்தான் சொல்கிறேன்" என்பதே நம்பிக்கைதான். கோபத்தோடு ஒருவரைக் கூப்பிடுகிறவர் அவர் கேட்கிறார் என்று நம்பித்தானே கூப்பிடுகிறார்.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் உண்டு. கடவுளிடம் பேச ஆரம்பித்து, மூன்றாம் வரிக்குள் கடவுளைப் பற்றிப் பேசுவதாக அது மாறிவிடும். "நீர் ஏன் மறைந்தீர்" என்பது "கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டார்" ஆகிவிடும். முதலாவது ஜெபம், இரண்டாவது தீர்ப்பு. எழுதி முடித்தபின் ஒருமுறை வாசித்து, "அவர்" என்று இருக்கும் இடத்தையெல்லாம் "நீர்" ஆக்குங்கள். வாசகம் மட்டும் மாறுவதுபோல் தெரியும், செய்து பார்த்தால் தெரியும் வித்தியாசம்.

பொதுவாக எழுதுவது இன்னொரு சறுக்கல். "என் பாடுகளையும் கஷ்டங்களையும் நீர் அறிவீர்" என்று எழுதினால் நெஞ்சில் ஒன்றும் அசையாது. தேதி, ஆள், தொகை, டாக்டர் சொன்ன வார்த்தை என்று எழுத வேண்டும். ஊர்க் கூட்டத்தில் ஜெபிக்கும் பாஷை இதற்கு உதவாது. அடுப்படியில் பேசும் பாஷைதான் சரி.

யார்மேலாவது ஆத்திரம் இருந்தால் அதையும் எழுதலாம், சங்கீதக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் போட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, மூன்றாம் பகுதிக்கு அவசரமாகத் தாவுவது. ஜெபிக்க உடன் உட்கார்ந்தவர்தான் பெரும்பாலும் இதைச் செய்வார். அழுகிறவர் முதல் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் "ஆனாலும் ஸ்தோத்திரம் சொல்லுங்க அக்கா" என்பார். அந்த அக்கா சொல்வார், வேறு என்ன செய்வார்? அதன்பின் அந்தக் கேள்வியை அவர் இன்னொரு முறை யாரிடமும் கேட்கமாட்டார். நம்பிக்கை வசனம் வராதவர்களுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது, திருப்பமே இல்லை. அதைத் தொகுத்தவர்கள் நல்ல முடிவு ஒன்றை ஒட்டவைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நாமும் விடலாம்.

வாரத்துக்கு ஒரு முறை இப்படி எழுதினால் போதும். தினமும் எழுதினால் புண்ணைக் கிளறுவதாகிவிடுகிறது.

விளக்கம் சொல்லும் ஆசை

"ஆண்டவர் ஆம் என்பார், இல்லை என்பார், பொறு என்பார்" என்று ஒரு வாய்ப்பாடு சபைகளில் ஓடுகிறது. கேட்க நேர்த்தியாக இருக்கிறது. எது நடந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் அடங்கிவிடும் என்பதுதான் அதன் குறை. துக்கத்தில் இருப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை. வேதாகமத்தில் பதிலே தெரியாத ஜெபங்களும் இருக்கின்றன.

கவாத்து உவமை இங்கே இன்னும் பிரபலம். தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுகிறார்கள், மொட்டையாக நிற்கிறது, பிறகு முன்னைவிட நன்றாகத் துளிர்க்கிறது. அப்படியே ஆண்டவர் உங்களையும் என்று பிரசங்கம் போகும். கேட்டுக்கொண்டிருப்பவர் எஸ்டேட்டில் வேலை செய்கிற பெண். வேரில் சத்துச் சேராத செடியை வெட்டினாலும், வறட்சியில் வெட்டினாலும் அது துளிர்க்காமலேயே காய்ந்துபோகும் என்பது பிரசங்கியாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையை அடக்கம்பண்ணிவிட்டு வந்தவரிடம் இந்த உவமையைச் சொன்னால் அவர் மனசு எந்தச் செடிக்குப் போகும் என்று யோசிக்க வேண்டும்.

அதைவிட மோசமானது "விசுவாசம் போதவில்லை" என்பது. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் வயிற்றுக்கும் ஒரு கைமருந்து சொல்கிறார், சுகமாக்கும் ஜெபம் பண்ணி அனுப்பவில்லை (1 தீமோத்தேயு 5:23). "மாம்சத்தின் முள்" என்று அவர் சொல்லும் தன் உபாதைக்காகத் தானே மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது எடுபடவில்லை. இந்த மூவருக்கும் விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிகிறவர் மட்டும் அடுத்த வீட்டு நோயாளியிடம் சொல்லட்டும். மறைந்த பாவம் இருக்கிறதா என்று துருவுவதும் இதே கணக்கில்தான் சேரும். யோபுவின் நண்பர்கள் அதைச் செய்து கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள்.

சாட்சி சொல்வதிலும் கவனம் வேண்டும். 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், ஊட்டி, கோத்தகிரிப் பகுதிகளில் மண் சரிந்து வீடுகள் போயின, நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். "எங்கள் வீட்டை மட்டும் ஆண்டவர் காத்தார்" என்று ஒருவர் நன்றி சொல்லும்போது, அதே சரிவில் ஆளைப் பறிகொடுத்தவர் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கலாம். நன்றி சொல்லக்கூடாதென்று இல்லை. "மட்டும்" என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சொல்லலாம். சொல்லி முடித்ததும் இழந்தவர்களுக்காக ஒரு வரி ஜெபித்துவிட்டு உட்காரலாம்.

டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் சிறுவயதில் தன் பழுப்புக் கண்களை நீலமாக்கும்படி ஜெபித்த கதையை ஞாயிறு பள்ளியில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். கண் நீலமாகவில்லை; பின்னாளில் தமிழ்நாட்டில் அந்தப் பழுப்புக் கண்ணே உபயோகமாயிற்று என்று கதை அழகாக முடிகிறது. அதே அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது வருடம் பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழித்தார். சுகத்துக்காக ஜெபிக்க அவரைச் சுற்றி ஒரு பெரிய குடும்பமே இருந்தது. இந்தப் பாதியை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை, அழகாக முடியாது என்பதால். வளர்ந்தபின் அவர்களுக்குத் தேவைப்படுவது இந்தப் பாதிதான். படுக்கையில் இருந்தபடியே அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்காகத்தான் கடவுள் படுக்கவைத்தார் என்று மட்டும் சேர்க்க வேண்டாம்.

மருந்து, பணம்

இது சுருக்கமாக, ஆனால் கறாராக. ஜெபித்தபின் மாத்திரையை நிறுத்தக் கூடாது. காசநோய் மருந்து சாதாரணமாக ஆறு மாதம். இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடும், "சுகமாயிட்டேன்" என்று நிறுத்தினால் நோய் திரும்பும், அப்போது அதே மருந்து கேட்காமலும் போகலாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மனநல மருந்துகளும் அப்படியே. யாக்கோபு 5:14 மூப்பர் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது, வைத்தியரை விடச் சொல்லவில்லை. சுகம் கிடைத்தது என்று நம்பினால் டாக்டரிடம் காட்டுங்கள். பரிசோதித்து அவரே நிறுத்தட்டும். ஜெபிக்கப் போகும் வீட்டில் மாத்திரை டப்பாவைப் பார்த்து "நேரத்துக்குப் போடுறீங்களா?" என்று கேட்பதையும் ஊழியமாகவே எண்ணுங்கள்.

பொருத்தனை பண்ணுவது பயத்தில் பிறக்கும்போது பேரமாகிவிடுகிறது. கடன் வாங்கிக் காணிக்கை போடுவது, நகையை அடகுவைத்துக் கன்வென்ஷனுக்குக் கொடுப்பது இரண்டும் வேண்டாம். "விதை விதைத்தால் அறுப்பீர்கள்" என்று தொகை சொல்லிக் கேட்கிறவர்களிடமிருந்து தள்ளியிருங்கள். கேட்டது நடக்காவிட்டால் இந்த வீடுகளில் துக்கத்தோடு வட்டியும் சேர்ந்து நிற்கும். ஏற்கெனவே பண்ணிய பொருத்தனை நிறைவேற்ற முடியாத அளவுக்கு இருந்தால் ஆயரிடம் போய்ச் சொல்லி, அவரோடு ஜெபித்து அதை விட்டுவிடலாம். லேவியராகமம் 27:8 பொருத்தனை பண்ணியவரின் திராணிக்குத் தக்கபடி தொகையைக் குறைக்க ஆசாரியனுக்கு இடம் கொடுக்கிறது.

ஜெப நோட்டு

ஜெப நோட்டு வைத்திருப்பவர்கள் பலர், அது விசுவாசத்தைக் கூட்டும் என்று. கூட்டும், குலைக்கவும் செய்யும். எப்படி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெறும் "கேட்டது – கிடைத்தது" என்று இரண்டு பத்தி போட்டால் அது கடைக் கணக்காகிவிடும். நிலுவை கூடக்கூட மனசு கசக்கும். அல்லது நிலுவை தெரியக்கூடாதென்று எதையாவது இழுத்துப் பிடித்து "கிடைத்தது" பத்தியில் எழுதத் தோன்றும். வேலை கேட்டோம், ஆட்டோ மோதாமல் தப்பினோம், அதுதான் பதில் என்று எழுதுவது நம்மை நாமே ஏமாற்றுவது.

நாலு பத்தி போடுங்கள். தேதி. கேட்டது, ஒரே வரியில், நடந்ததா இல்லையா என்று பார்த்தால் தெரிகிற மாதிரி. நடந்தது, விளக்கமில்லாமல். நாலாவது, என் பங்கு: இதில் நான் செய்ய வேண்டியது என்ன. "மகனுக்கு வேலை" என்று எழுதினால் நாலாம் பத்தியில் "வேலைவாய்ப்புப் பதிவைப் புதுப்பிக்க" என்று வரும். "கணவர் குடியை விட" என்று எழுதினால் அதில் அவர் மனசும் சேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும். நம் ஜெபம் இன்னொருவர் கையைப் பிடித்து முறுக்குவதில்லை. அந்த வரிக்கு நாலாம் பத்தியில் குடிநோய்ச் சிகிச்சைக்கு எங்கே கூட்டிப்போவது, சம்பளத்தில் எவ்வளவை முதலில் ஒதுக்கி வைப்பது என்று எழுதலாம். சிலவற்றில் நாலாம் பத்தி காலியாகவே இருக்கும். நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று தெரிவதும் ஒரு விடுதலைதான்.

நோட்டை மாதம் ஒருமுறை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஐந்தாறு காரியத்துக்கு மேல் ஒரே சமயத்தில் வேண்டாம்.

கேட்பதை எப்போது நிறுத்துவது என்பது கடினமான கேள்வி. லூக்கா 18இல் நீதிபதியிடம் நியாயம் கேட்ட விதவை நிறுத்தவில்லை. பவுல் மூன்று முறை கேட்டு, "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வந்தபின் நிறுத்தினார். மோசே கானானுக்குள் போகக் கேட்டபோது, போதும், இனி இதைப் பற்றிப் பேசாதே என்றார் ஆண்டவர் (உபாகமம் 3:26). தாவீது வியாதிப்பட்ட தன் பிள்ளை உயிரோடிருந்த ஏழு நாளும் உபவாசித்துத் தரையில் கிடந்தார். இறந்ததும் எழுந்து குளித்துச் சாப்பிட்டார். ஆக, ஒரே விதி கிடையாது. காரியம் முடிந்துவிட்டதென்றால், அதாவது மரணம், கல்யாணம் முடிந்துபோன வரன், வயது வரம்பு தாண்டிய தேர்வு என்றால், நடந்ததை மூன்றாம் பத்தியில் தேதி போட்டு எழுதி, அடியில் கோடு போட்டுவிடுங்கள். இன்னும் முடிந்துபோகாத காரியமென்றால் தொடர்ந்து கேட்கலாம். ஆனால் அதையே நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு மற்ற ஜெபம் எல்லாம் நின்றுபோனால், மூன்று மாதத்துக்கு அதைச் சபையில் இருவரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் வேறு காரியங்களுக்காக ஜெபியுங்கள். ஒப்படைக்கும்போது கேட்க வேண்டிய வரியையே எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் இஷ்டத்துக்கு நீட்டி முழக்குவார்கள்.

பிள்ளையில்லாதவர்கள் விஷயத்தில் சபைக்கு ஒரு வார்த்தை. "கர்ப்பத்தின் கனி வேண்டுகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று கூட்டத்தில் கூப்பிடுவதை நிறுத்துங்கள். வருகிறவர் எப்போதும் பெண்தான். சோதித்துப் பார்த்தால் குறை இருவரில் யாருக்கும் இருக்கலாம், இருவருக்குமே இல்லாமலும் இருக்கலாம். பிள்ளைக்காக ஜெபித்துப் பெற்ற அன்னாளின் கதை நல்ல கதை, ஆனால் அவளும் ஆலயத்தில் தனியாக, சத்தம் வராமல்தான் ஜெபித்தாள். ஆயரின் மனைவியோ மூத்த சகோதரியோ வீட்டுக்குப் போய்த் தம்பதி இருவரையும் வைத்து ஜெபிக்கட்டும், அவர்கள் கேட்டால்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தது. நம்மால் ஏழு நிமிடம் முடிவதில்லை.

இருபது நிமிடம் போதும். இரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம். எட்டுப் பேர் போனால் அந்த வீட்டில் யாரோ எழுந்து டீ போட வேண்டியிருக்கும். பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதிலாகச் சாதமும் குழம்பும் தூக்கில் கொண்டுபோங்கள். மழைக்காலமென்றால் விறகு காய்ந்ததாக இருக்கிறதா, கேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்ததும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்காமல், "ராத்திரி தூங்கினீங்களா? என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். இறந்தவரின் பேரைச் சொல்லிப் பேசுங்கள். பேர் சொன்னால் அழுவார்கள் என்று பயப்படுகிறோம், யாரும் அந்தப் பேரைச் சொல்லாததுதான் அவர்களை அதிகம் வருத்துகிறது. "ஏன்?" என்று கேட்டால் "எனக்கும் தெரியலைம்மா" என்பது முழுமையான பதில். ஜெபம் ஐந்து வரிக்குள் முடியட்டும், அதற்குள் பிரசங்கத்தை நுழைக்காதீர்கள்.

நாற்பதாம் நாள் ஜெபத்தோடு சபை ஒதுங்கிவிடுகிறது. உண்மையான சுமை அதற்குப் பிறகுதான்: வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பள்ளிக் கட்டணம். மூன்றாம் மாதமும், ஆறாம் மாதமும், முதல் வருட நினைவு நாளுக்கு முந்தின வாரமும் போனில் அலாரம் வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

துக்கம் எல்லை தாண்டுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ இல்லை, வேலைக்கு எழுந்திருப்பதில்லை, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது" என்று பேச்சு வருகிறது, பொருட்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிக்கிறார் என்றால் ஜெபத்தோடு நிறுத்தக் கூடாது. சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். அவசரமென்றால் 108.

வருடப் பிறப்புக்கு முன்

கடைசியாக வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கொரு அட்டை எடுக்கிறோம்; அந்த வசனம் அந்த வருடம் முழுக்கத் தனக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள். எரேமியா 29:11 வந்தவருக்குச் சந்தோஷம் தாங்காது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் வரி. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்றுதான் ஐந்தாம், ஆறாம் வசனங்கள் சொல்கின்றன. அந்த வசனத்திலுள்ள "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்பது இந்த ஜூனில் நீட் ரிசல்ட் என்று பதினேழு வயதுப் பிள்ளை எடுத்துக்கொண்டால் தப்பு பிள்ளையுடையதல்ல.

அட்டை கொடுப்பதை நிறுத்தச் சொன்னால் எந்தச் சபையும் கேட்காது. ஆனால் அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டிரண்டு வசனங்களை அச்சடிக்கலாம், செலவு பெரிதாகக் கூடாது. அன்றிரவு சாட்சி நேரத்தில் மூன்றில் ஒன்றையாவது, இன்னும் நடக்காத காரியத்தைப் பற்றிப் பேச முன்வருகிறவருக்கு ஒதுக்கலாம். மூன்று நிமிடம் போதும்; முடிவில் ஆயர் விளக்கம் சேர்க்காமல் அவருக்காக ஜெபிக்கட்டும். போன வருடம் ஜெபக்குறிப்பு எழுதி நடக்காத வீடுகளின் பட்டியலை டிசம்பரிலேயே எடுத்து, யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பெயர் எழுதிவிடுங்கள். ஜனவரி இரண்டாம் வாரம் போனால் சரியாக இருக்கும். பண்டிகைச் சத்தம் அடங்கியிருக்கும். உறைபனிக் காலம், சாயங்காலம் சீக்கிரம் இருட்டிவிடும், ஆகவே நாலு மணிக்குள் போய்விட்டு வரப் பாருங்கள்.